வெறுந் தூளி

காந்தாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர் பதஞ்சலி, குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி இருக்கிறது என்றார். சீமையில் படித்தவர் என்பதால் அதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. "வெறும் நீர்க்கட்டிதான். தண்ணிப் பை மாதிரி. பிரசவம் ஆனதும் அறுத்து எடுத்துடலாம்."

"அறுக்க வேணாங்க. அதுவும் உதைக்குதுங்க," என்றாள் காந்தா.

"கட்டி உதைக்காதம்மா." எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அதில் குழந்தை ஒன்றுதான் இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. கட்டியைக் காணவில்லை. "கரைஞ்சுபோச்சு. என் மாத்திரை அப்படி," என்றார் டாக்டர். அவர் கொடுத்திருந்தது சத்து மாத்திரை.

ஐயம்பேட்டை வீட்டில், தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டினார்கள். ஒரு மத்தியானம் காந்தா குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் ஜெயம்மாள் பார்த்துவிட்டாள்.

"வெறுந் தூளிய ஆட்டுனா புள்ளைக்கு வயிறு நோவும்னு தெரியாதா உனுக்கு? எதுக்கு ஆட்டிக்கினு கீற?"

"நிறுத்துனா அழுவுது அத்தே."

"புள்ள உன் மடியிலதானே கீது."

காந்தா தூளியிலிருந்து கையை எடுத்தாள். தூளியை அவிழ்க்கப் போன ஜெயம்மாள் நின்றாள். தளர்ந்து தொங்க வேண்டிய துணி, கனம் தாங்கி விறைப்பாக இருந்தது. குனிந்து விலக்கிப் பார்த்தாள். திரும்ப மூடினாள். பிறகு கீழே உட்கார்ந்து மெதுவாக ஆட்டத் தொடங்கினாள்.

"சீக்கிரம் அதுக்குக் குடுத்து முடிம்மா. இதுக்கும் பசிக்குது," என்றாள்.