சிட்டுக்கு வேர்வை அடங்கவில்லை

“யக்கா, ஏறு. ஆத்தா உன் பேரச் சொல்லியே கெடக்கு. வெளக்கு வைக்கிற மட்டும் தாங்காதுன்னுட்டாரு டாக்டரு.”

தம்பி கண்ணுச்சாமி வாசலில் டி.வி.எஸ். 50-ஐ அணைக்காமலே நின்றான். வ. புதுப்பட்டியிலிருந்து ஒரே மூச்சில் வந்திருக்கிறான். தலையெல்லாம் செம்மண்.

செல்லத்தாய் மாற்றுச்சேலைகூட எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆனால் வண்டியில் ஏறவில்லை. தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே அவள் புருஷன் சங்கையா பந்தயக் குதிரை சிட்டுவைக் கயிற்றில் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டிருந்தான். மம்சாபுரம் ரோட்டில் ஓட்டிவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணன்கோவில் பக்கம் குதிரைவண்டிப் பந்தயம்.

ஓடி வந்த குதிரைக்கு உடனே கொள்ளு வைக்கக் கூடாது. வைத்தால் வயிற்றை முறுக்கிக்கொண்டு விழுந்து உருளும். முதலில் நடத்த வேண்டும், வேர்வை அடங்க வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் புல். மூச்சு சீரான பிறகுதான் ஊறின கொள்ளு. அதைத் தள்ளிப் போடவும் வழியில்லை, விடியக்காலையில் மறுபடி ஓட வேண்டும், அதற்குள் வயிறு லேசாகிவிட வேண்டும்.

அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் ஆள் தூங்குவதும் இந்தக் கணக்குப்படிதான். ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை இருந்து வந்தது எப்போது என்று கேட்டால் செல்லத்தாய்க்கே தெரியாது. ஏனென்றால் சிட்டு அவள் கையால் வைத்தால்தான் கொள்ளு தின்னும். வேறு யார் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சங்கையாவுக்கு அதில் பெருமையென்றால் அப்படியொரு பெருமை. எவன் தீனியில் எதைக் கலப்பானோ என்று பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. அவனுக்கு அந்தப் பயமே கிடையாது. “எம் பொண்டாட்டி கையத் தவிர, சாமியே வந்து ஊட்டுனாலும் வாயத் தெறக்காதுல்லா” என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்திருந்தான்.

இப்போது அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “செத்த பொறு மாப்ள. கொள்ள வச்சிட்டு வந்துருவா. ரெண்டு வேள பட்டினி போட்டா ஞாயித்துக்கெழம கால் எழும்பாது.”

“செத்த நேரம்னா எம்புட்டு நேரம் அத்தான்? அங்க மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு.”

சங்கையா குதிரையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். கை நனைந்தது. மறுபடி நடத்தினான்.

அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு வண்டியில் ஏறிப் போயிருப்பாள்.

செல்லத்தாய் செருப்புக் காலோடு கொள்ளுப் பானைக்குப் போனாள். ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். பானையின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். நல்ல கொள்ளுதான். ஒரு பிடி அள்ளி வந்து புருஷன் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஒரு பிடி காட்டிப் பாருங்க. தின்னுட்டா, பொறவு மிச்சத்த நீங்களே வச்சிருங்க. நான் போறேன்.”

“திங்காதுட்டி.”

“இன்னைக்குத் திங்கும்.”

சங்கையா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தின்றுவிட்டால் நாளையிலிருந்து தன் பாடு என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள். ஆத்தா முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

அவன் கையை நீட்டினான். சிட்டு குனிந்தது. கொள்ளை மோந்தது. தின்னுடா, தின்னுடா என்று செல்லத்தாய்க்கு உதடு அசைந்தது.

சிட்டு தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக் கனைத்தது.

“நாந்தான் சொன்னேம்லா!” என்றான் சங்கையா. அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணுச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பஸ்ஸைப் பிடித்து வா என்றான். டி.வி.எஸ். 50 சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டது.

செல்லத்தாய்க்குக் குதிரையைக் கொன்று போடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த வாயில்லாச் சீவன் மேல் என்ன குற்றம்?

அது குட்டியாக இந்த வீட்டுக்கு வந்த வருஷத்தில்தான், இவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று மம்சாபுரத்தில் சங்கையாவுக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வாரமே செல்லத்தாய் நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்புப் பொடி வாங்கினாள். தான் வைக்கும் கொள்ளில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். அவன் வைக்கும் கொள்ளில் மட்டும் யாருக்கும் தெரியாமல் அந்தப் பொடியைப் பிசிறினாள். அவள் இல்லாமல் குதிரை தின்னாது என்று ஆனது. பெண் பார்த்த பேச்சும் அதோடு நின்றது.

அவன் எப்போது கை வைத்தாலும் தவறாமல் கலந்துவிடுவாள்.

இன்றைக்குத்தான் கலக்கவில்லை.

சிட்டு அவளிடம் வந்து, வெறுங்கையை மோந்துகொண்டு நின்றது. அதன் கழுத்து இன்னும் ஈரமாகவே இருந்தது.