குருவிக் கட்சியும் முயல் கட்சியும்

“எதிரணிக்கு இப்பவே என்னோட அனுதாபத்தைத் தெரிவிச்சுக்கறனுங்க!”

எந்த மேடையானாலும் காரவள்ளி ஜீவானந்தம் இப்படித்தான் தொடங்குவார். பட்டிமன்றத்தில் தோற்றதே இல்லை என்று அவருக்கொரு பெயர். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழுந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அது 1999ஆம் ஆண்டுப் பொங்கல் விழா. செம்மேட்டுப் பந்தலில் அன்றைய தலைப்பு, ‘குடும்பம் நடத்தத் தெரிந்தது கொண்டைக்குருவியா, காட்டுமுயலா?’

“குருவியப் பாருங்க! பாட்டென்ன, பவுசென்ன! பொழுதன்னைக்கும் குஞ்சுக்கு இரை கொண்டாந்து ஊட்டுது. முயலு? குட்டியப் புல்லுக்குள்ள போட்டுட்டு எங்கியோ போயிருது. இருட்டுனாத்தான் பால் குடுக்க வரும். வூட்ட விட்டுட்டுப் போறதெல்லாம் ஒரு குடும்பமுங்களா?”

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது.

முயல் கட்சிக்காகச் சேந்தமங்கலம் அனுராதா எழுந்தாள். “எதிரணி ஐயா நல்லாத்தான் பாடினாருங்க. ஆனா, குருவி போடற சத்தத்துலதான் கூடு எங்க இருக்குதுன்னு காக்காய்க்கே தெரியுது.”

“அது வந்துங்க...” ஜீவானந்தம் துள்ளி எழுந்தார்.

நடுவர் சின்னுசாமி மணியைத் தட்டினார். “உக்காருங்க சாமி! அவங்க முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. அதான் இங்கத்த சட்டம்.”

கூட்டம் சிரித்தது. வாயை மூடிக்கொண்டு கேட்பது ஜீவானந்தத்துக்குப் பழக்கமில்லாத வேலை. வேறு வழியின்றிக் கேட்டார்.

“முயலு வெறுத்துப் போறதில்லீங்க. பக்கத்துலயே கிடந்தா நரி மோப்பம் புடிச்சிரும்னுதான் தள்ளி இருக்குது. தள்ளி இருந்தாலும் நெனப்பெல்லாம் குட்டிகிட்டத்தான். குருவிக்கு வாய் பெருசு, முயலுக்குக் காது பெருசு. குடும்பத்துக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

பெண்கள் பக்கம் ஆரவாரம் எழுந்தது.

“ஐயாகிட்டப் பதில் இருக்குதுங்களா?” என்றார் நடுவர்.

இருந்தது. நல்ல சூடான பதில், நாக்கின் நுனியிலேயே இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் பெயர் நிலைத்துவிடும். ஜீவானந்தம் மைக்கைப் பிடித்தார். அனுராதாவைப் பார்த்ததும் அந்தப் பதிலை விழுங்கிக்கொண்டார்.

“நடுவருங்களே, நான் தோத்துட்டனுங்க.”

அவர் அனுராதாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“கல்யாணமான நாள்ல இருந்து, நீ பேசி முடிச்சு நான் கேட்டது இன்னைக்குத்தான், அனு. மன்னிச்சுக்க கண்ணு. உங்கம்மா ஊட்ல இருந்தது போதும், நம்மூட்டுக்கு வா. வழி பூரா நீயே பேசு.”