ஒற்றைக் கை விதி

மூடியைத் திறந்தால் இடது கை பைக்குள் போய்விட வேண்டும். எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் செயலாளர் அதில் மட்டும் கறார்.

புது ஆம்ப்ளிஃபயர் மேஜைமேல் இருந்தது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இரண்டாயிரம் வோல்ட் பதுங்கியிருக்கலாம். இரண்டு கையும் உள்ளே போனால், அது ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும்.

பிழையில்லாமல் அதை இணைப்பவருக்கு நாளைய ரேடியோ போட்டியில் மைக் முன்னால் முதல் இடம்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஒரு வருடமாக இவர்களோடு ரேடியோவில் பேசுகிறேன். நேரில் வந்தது இன்றுதான். குரல் மட்டும் போகிற இடத்தில் எனக்குக் கூச்சம் இல்லை. இங்கே வந்ததிலிருந்து தொளதொள கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

எனக்கு முன் இரண்டு பேர். பல் டாக்டருக்குத் திருகாணி நழுவியது. இடது கை பாய்ந்து வந்து பிடித்தது. அடுத்தவர் கல்லூரியில் மின்னியல் நடத்துபவர். மூக்கைச் சொறிய எடுத்த கையை அப்படியே உள்ளே விட்டார்.

"கை தானா வந்துடுச்சு சார்."

மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறீர்களா என்று பல் டாக்டர் அவர் காலை வாரினார்.

என் முறை. துணைக்கு வந்திருந்த என் அக்கா வாசலருகே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூடியைத் திறந்தேன். பிளாஸ்டிக் பிடி போட்ட எர்த் கம்பியால் உள்ளே தொட்டேன். பொறி இல்லை. மிச்ச மின்சாரம் இல்லை. எங்கள் ஊர் மின்னழுத்தத்துக்கு ஏற்ற முனைக்கு வயரை மாற்றும்போது திருகாணி எனக்கும் நழுவியது.

இடது தோள் துடித்தது. அவ்வளவுதான்.

காந்த முனைத் திருப்புளியால் அதைத் தூக்கி, முடுக்கி, மூடினேன். முதலில் எர்த் பட்டை. பிறகு ரேடியோவிலிருந்து வரும் கேபிள். அதை இடுப்பால் மேஜையோடு அழுத்திக்கொண்டு திருகினேன்.

மூடியாகிவிட்டது, இனி இரண்டு கையும் வரலாம் என்றார் பல் டாக்டர். பரவாயில்லை என்றேன்.

ஆன்டெனாவுக்குப் பதிலாக, சிக்னலை வெளியே விடாமல் வாங்கிக்கொள்ளும் டம்மி லோடை மாட்டி, மிகக் குறைந்த பவரில் சோதித்தேன். மீட்டர் முள் நிதானமாக ஏறி நின்றது. எல்லாவற்றையும் அணைத்து, ஆன்டெனாவை மாட்டி, மறுபடி போட்டு, அழைத்தேன்.

கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் என் அழைப்புக் குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னார்.

அறையே கை தட்டியது. செயலாளர் ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, அந்தக் கை அசையவே இல்ல. எப்படிம்மா அடக்கி வச்சீங்க?"

பையிலிருந்து கோட்டின் இடது கையை உருவிக் காட்டினேன். அது தோளிலிருந்து காலியாகத் தொங்கியது.

மின்னியல்காரர் தன் இடது கையை மெல்லப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ரேடியோவில் இன்னொருவர் என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். கோட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.