நாலு போல்ட்டு

"ரெண்டு பேருக்கும் கண்ணு எங்க போச்சு?" என்று முதலில் கத்தியது நான்தான். விபத்து என் மெக்கானிக் பட்டறை வாசலிலேயே நடந்திருந்தது.

கார்க்காரன் இறங்கி ஓடி வந்தான். "ரோட்டு நடுவுல கம்பி வேலி இருக்கே, யாரு குறுக்க வரப்போறாங்கன்னு வேகமா வந்துட்டேன், சார்."

கால் முறிந்து கிடந்த டீச்சரம்மா முனகினார். "வேலியில சந்து இருந்துச்சு. அவசரத்துல பார்க்காம நுழைஞ்சுட்டேன். என் மேலயும் தப்புதான்."

"நீங்கல்லாம் திருந்தவே மாட்டீங்க," என்றேன்.

ஆம்புலன்ஸ் போனதும், போலீஸ்காரர் புல்லில் கிடந்த கம்பியைத் தூக்கிக் காட்டினார். "எவனோ வேலியிலேருந்து கழட்டிப் போட்டிருக்கான். அண்ணே, உங்க பட்டறையில நாலு போல்ட்டு இருக்குமா? இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாது."

டப்பாவிலிருந்து எடுத்து வந்து, கம்பியை வைத்து முடுக்கினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "அளவு கச்சிதமா இருக்கேண்ணே! அட, போல்ட்டுல இருக்கிற பச்சை பெயிண்ட்டுகூட வேலி பெயிண்ட்டுதான்..."

என் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது.

"டீக்கடை எதிர்லதான் சார் இருக்கு," என்றேன், தலை நிமிராமல். "சிக்னல் வரைக்கும் போய்ச் சுத்தி வரணும்..."