மரத்துப்போன கால்

"தலையைத் தூக்கிப் போட்டு நடக்கிறா, நொண்டுறான்னு எல்லாரும் சொல்றாங்க. கால் தேறலைன்னா இவளை இங்கேருந்து அனுப்பிடுவாங்களாம்மா," என்றார் மாமனார், குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி. குதிரையேற்றப் பள்ளியில் பதினோரு வருஷமாக அதை வளர்த்தவர் அவர்.

"முதல்ல வலி எங்கேன்னு பார்ப்போம் மாமா," என்றாள் கால்நடை மருத்துவரான மருமகள். "குளம்பு மரத்துப்போக ஊசி போடுறேன். அப்புறம் நொண்டலைன்னா வலி குளம்புலதான்."

ஊசி போட்டுப் பத்து நிமிஷம் கழித்து, மரத்துவிட்டதா என்று பேனா முனையால் குளம்புக்கு மேலே அழுத்தினாள். குதிரை அசையவில்லை. ஆனால் மாமனார் நடத்திக் காட்டியபோது அதே தலையாட்டல். இன்னும் மேலே ஒரு ஊசி போட்டாள். அப்போதும் அப்படியேதான்.

மாமனாரின் முகம் வாடிவிட்டது.

"தண்ணி குடிச்சுட்டு வாங்க மாமா, நான் பிடிக்கிறேன்," என்று கயிற்றை வாங்கி நடத்தினாள். குதிரை தலையே ஆட்டாமல் சீராக நடந்தது.

குழம்பிப்போய்த் திரும்பினாள். இவ்வளவு நேரமும் குதிரையின் காலையே பார்த்திருந்தவள், குழாயடிக்குப் போகும் மாமனாரின் காலை அப்போதுதான் பார்த்தாள். விந்தி விந்தி நடந்தார். அவர் விந்தும்போதெல்லாம் கயிறு இழுபட்டு, குதிரையின் தலை ஆடியிருக்கிறது.

"மாமா, இவளுக்கு ஒண்ணுமே இல்லை. நொண்டுறது நீங்கதான்."

ஓடாத குறையாக வந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார் அவர்.

"கால்ல என்ன மாமா?"

"குதிகால்ல முள்ளு. ஒரு வாரமாச்சு."

"வீட்டுலயே டாக்டர் நான் இருக்கேன். ஏன் சொல்லலை?"

சிரித்து மழுப்பினார். "எனக்கு ஊசின்னா பயம்மா."