தண்ணீர் புகாத கேமரா

“அப்பா, ரீஸோட கேமராவைக் குடு.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா மார்னியிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

குளிர்காலத்தில் தாஸ்மானியக் காட்டுக்குள் நடைப்பயணம் போனவர்கள் அப்பாவும் தம்பி ரீஸும். திரும்பியது அப்பா மட்டும். “ஆத்து வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சு, கண்ணால பாத்தேன்” என்றார். மறுநாள் மீட்புக்குழு ஆற்றை மட்டும் தேடிவிட்டுத் திரும்பியது. கோடையில் யாரோ காட்டில் கண்டெடுத்துக் கொடுத்த கேமராவை அப்பா அலமாரியில் வைத்துப் பூட்டினார். மகனைப் பறிகொடுத்தவர், பார்க்கத் தாங்கவில்லை என்று ஊரே உச்சுக்கொட்டியது.

“நூறு டாலர் டப்பா. அதுல என்ன இருக்கப்போவுது?” அப்பா தேநீரிலிருந்து நிமிரவில்லை.

“நான் வாங்கிக் குடுத்த டப்பா. தண்ணில போட்டாலும் சாகாது.”

சாவியை அவளே எடுத்துத் திறந்தாள். புது பேட்டரி போட்டதும் கேமராவுக்கு உயிர் வந்தது. ஒரு படத்தில், மரக்கிளை வைத்துக் கட்டிய ரீஸின் கால். அடுத்ததில், தூரத்தில் ஆற்றுக்கு மேலே மீட்புக்குழுவின் ஹெலிகாப்டர். தேதி, வெள்ளம் அடித்துப்போனதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள். அதற்கும் நான்கு நாள் கழித்து எடுத்த கடைசிப் படத்தில் வெறும் வானம்.

“இதைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அவனை எங்க விட்டுட்டு வந்தே?”

“சண்டை போட்டான். கோவத்துல முன்னால நடந்துட்டேன். திரும்பிப் போனா ஆளைக் காணோம். ஆறுதான் கொண்டுபோச்சுன்னு நெனச்சேன். ஊர் நடைக்குழுவுக்கே தலைவன் நான், பின்னால வர்றவனை விட்டுட்டு வந்தேன்னு எப்படிம்மா சொல்லுவேன்?”

மார்னி கேமராவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

“எங்க போற?”

“போலீஸுக்கு. நீ சொல்லாததைச் சொல்ல.”

கதவைச் சாத்தக்கூட அவள் திரும்பவில்லை.