ரெஜினா போகாத மாதம்

வருடக்கணக்காக மாதந்தோறும் படகில் போய், கடலில் ஒரே இடத்தில் கருவியை இறக்கி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வந்தவள் ரெஜினா. எண்கள் பெரிதாக மாறியதே இல்லை. அவள் காய்ச்சலில் படுத்த மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அந்தோணிராஜ் போனான். அடியாழத்தில் அதுவரை யாரும் அறியாத ஒரு வெப்ப நீரோட்டம் பதிவானது. 'இத்தனை வருசம் எனக்குக் காட்டாத கடல், போன அன்னைக்கே இவனுக்குக் காட்டிடுச்சே' என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

கருவியைச் சோதிக்கும் பொறுப்பு அவளிடமே வந்தது. பிழையிருந்தால் அவனுடைய பதிவு செல்லாது. ஆய்வகத் தொட்டியில் இறக்கிப் பார்த்தாள். துல்லியமாக இருந்தது.

"மெஷின் சரியாத்தானக்கா இருக்கு?" வாசலில் நின்று கேட்டான் அந்தோணிராஜ்.

"இன்னும் தெரியலப்பா. நீ போய்ச் சாப்பிடு."

அவன் போனதும் மறுபடி இறக்கினாள். அதே எண்கள். தண்ணீரை மாற்றிவிட்டு, மறுபடியும் இறக்கினாள்.